ஒரே மதிப்பெண், இரண்டு பத்தி

வாசகர் கடிதம் (சுருக்கியிருக்கிறேன். நோயாளியை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்):

"எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். அமெரிக்காவில் மருத்துவ உளவியலில் முனைவர் படிப்பு, மூன்றாம் வருடம். பயிற்சிக்காக ஒரு மருத்துவமனையின் நினைவாற்றல் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் அறுபது தாண்டிய ஒருவர் வந்தார். கறுப்பினத்தவர், அலபாமாவில் பள்ளிப்படிப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வரை. முப்பது வருடமாக பஸ் ஓட்டுகிறார். பழகிய தடத்திலேயே வழி தவறுகிறார் என்று மனைவி அழைத்து வந்தார். சோதனைகளை நான்தான் நடத்தினேன். மதிப்பெண்களை ஒப்பீட்டு அட்டவணையில் பார்க்கும்போது மேற்பார்வையாளர் வந்து, 'இனத்தையும் பார்க்கணும், கறுப்பினப் பத்தியை எடு' என்றார். எடுத்தேன். 'குறைபாடு' என்று இருந்த மூன்று மதிப்பெண்கள் 'இயல்பு' ஆகிவிட்டன. ஏன் என்று கேட்டேன். 'இது அறிவியல், உணர்ச்சிவசப்படாதே, நீ இந்த நாட்டுக்குப் புதுசு' என்றார். அவர் நல்லவர், எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தவர். இது நிறவெறியா, இல்லை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனா? அப்பாவிடம் சொன்னால், 'அது அவங்க ஊர்ச் சண்டை, நமக்கெதுக்கு, படிப்பை முடிச்சிட்டு வா' என்கிறார். பரிந்துரைக் கடிதம் மேற்பார்வையாளர் கையில்தான் இருக்கிறது. அறிக்கை இரண்டு வாரத்தில் போகவேண்டும். நான் என்ன செய்ய?"

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "நான்தான் தப்போ" என்ற சந்தேகத்தோடு இரண்டு வாரம் தூங்காமல் கிடப்பீர்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நீங்கள் பார்த்தது உண்மையான பிரச்சினை, பெரிய பிரச்சினை, அதற்கு வழக்கு நடந்திருக்கிறது, பெரிய அமைப்புகள் மன்னிப்புக் கேட்டிருக்கின்றன. ஆனால் "இது நிறவெறியா" என்று கேட்கும்போது நீங்கள் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கிறீர்கள். அவர் முகத்தை விடுங்கள், அட்டவணையைப் பாருங்கள். அவர் மனசுக்குள் வெறுப்பு ஒரு துளிகூட இல்லாமல் இருக்கலாம், அப்படியும் அந்த அட்டவணை அந்த பஸ் ஓட்டுநருக்கு அநியாயம் செய்யும்.

மற்ற வாசகர்களுக்காக இந்த அட்டவணை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஒருவர் அதை முடிக்க எத்தனை வினாடி ஆனது என்பது வெறும் எண், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதே வயது, அதே படிப்பு உள்ள ஆரோக்கியமானவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒப்பிடவேண்டும். சராசரியை 50 என்று வைத்து எல்லாருடைய மதிப்பெண்ணையும் மாற்றுவார்கள், 40-க்குக் கீழே போனால் கவனிக்கவேண்டிய குறைபாடு என்று வழக்கமாகக் கொள்வார்கள். வயதைப் பார்ப்பதில் யாருக்கும் சண்டை இல்லை, எழுபது வயதில் மூளை மெதுவாகும் என்பது தெரிந்ததுதான். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கிய, 2004-இல் வெளியான அட்டவணையில் வயது, படிப்பு, பாலினத்தோடு இனமும் சேர்ந்தது. அதில் இரண்டே இனம், கறுப்பினத்தவர், வெள்ளையர், ஆளுக்கொரு பத்தி. கறுப்பினத்தவரின் சராசரி சில சோதனைகளில் குறைவாக இருந்ததால் அவர்களுக்கான கோடும் கீழே இறங்கியது. அதாவது ஒரே மதிப்பெண்ணை வெள்ளைக்காரர் எடுத்தால் "இவருக்கு ஏதோ ஆகிவிட்டது, கவனி", கறுப்பினத்தவர் எடுத்தால் "இவருக்கு இது இயல்புதான்".

அந்த அட்டவணையில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தேடிப் பார்த்தீர்களா? நீங்களும் இல்லை, நானும் இல்லை.

சரி, உங்கள் மேற்பார்வையாளர் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்தப் பத்தியைக் கெட்ட எண்ணத்தில் உருவாக்கவில்லை. அதற்கு முன்னால் வெள்ளையர்களை வைத்து எடுத்த சராசரியையே எல்லாருக்கும் போட்டு, நல்ல ஆரோக்கியமாக இருந்த கறுப்பினப் பெரியவர்களுக்கு "மறதி நோய்" என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் தனிப் பத்தி. அவர் "அறிவியல்" என்று சொல்வது பொய் இல்லை, பாதி மருந்து. மீதிப் பாதியை யாரும் கேட்கவில்லை. அந்தச் சராசரி ஏன் குறைந்தது? தோல் நிறம் கோடு போடும் வேகத்தைக் குறைக்காது. அப்படியென்றால் "இனம்" என்ற பத்திக்குள் வேறு எதையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

அது என்ன என்று தோண்டியவர்களில் முக்கியமானவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மேன்லி. ஒரே எண்ணிக்கை வருடம் படித்த கறுப்பின முதியவர்களையும் வெள்ளை முதியவர்களையும் ஒப்பிட்ட அவருடைய குழு, படித்த வருடங்களை மட்டும் பார்க்காமல் வாசிப்புத் திறனையும் கணக்கில் எடுத்தது. இனத்தால் வந்ததாகத் தெரிந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அதோடு சுருங்கிப்போனது. இது 2002-இலேயே வெளியான ஆய்வு. வேறு வார்த்தையில் சொன்னால், காகிதத்தில் இருவருக்கும் பன்னிரண்டாம் வகுப்புதான், ஆனால் ஒருவருக்கு நல்ல கட்டடம், போதுமான ஆசிரியர்கள், புதுப் புத்தகம், இன்னொருவருக்கு வெள்ளைப் பிள்ளைகள் படித்துக் கழித்த பழைய புத்தகம். உங்கள் பஸ் ஓட்டுநர் அலபாமாவில் பள்ளிக்குப் போன காலத்தை யோசித்துப் பாருங்கள். இனவாரியான பள்ளிகள் சட்டத்துக்கு எதிரானவை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1954-இல், ஆனால் தென் மாநிலங்களில் அது உண்மையில் நடைமுறைக்கு வர 1970 வாக்கில் ஆகிவிட்டது. அந்தப் பள்ளிக்கூடம் அவருக்குச் செய்த அநியாயத்தை எடுத்து அவருடைய மூளையின் இயல்பு என்று எழுதுகிறது அந்தப் பத்தி. ஒரு தடவை பள்ளியில் தோற்கடித்தாகிவிட்டது, இப்போது மருத்துவமனையில் இரண்டாம் தடவை.

இதனால் என்ன நஷ்டம் வரும் என்பதற்கு நடந்த உதாரணமே இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து லீக்கில் விளையாடித் தலையில் அடிபட்டு, ஓய்வு பெற்றபின் நினைவிழந்தவர்களுக்கு இழப்பீடு தருவதாக 2013-இல் ஓர் உடன்பாடு வந்தது. வீரர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். மூளைத்திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நிரூபித்தால்தான் பணம். அங்கேயும் இதே பத்தி வந்து உட்கார்ந்தது. கறுப்பின வீரர் தாழ்ந்த இடத்திலிருந்துதான் தொடங்கினார் என்று கணக்கு வைத்தால், அவர் எவ்வளவு கீழே விழுந்தார் என்பதை நிரூபிப்பது கஷ்டமாகிவிடும் அல்லவா? கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இரண்டு முன்னாள் வீரர்கள் 2020-இல் வழக்குப் போட்டார்கள். டேவன்போர்ட்டுக்கு முதலில் தகுதி இருக்கிறது என்றே முடிவு வந்திருக்கிறது, அப்புறம் கறுப்பினப் பத்தியைப் போட்டுத் திரும்பக் கணக்கிட்டபோது தகுதி போய்விட்டது. அதே மனிதர், அதே பதில்கள். நீதிபதி முதலில் வழக்கைத் தள்ளுபடி செய்தார். முன்னாள் வீரர்களும் அவர்கள் மனைவிமார்களும் ஐம்பதாயிரம் கையெழுத்துகளைக் கொண்டுபோய் பிலடெல்ஃபியா நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். கடைசியில் 2021 ஜூனில் அந்த முறையைக் கைவிடுவதாக லீக் ஒப்புக்கொண்டது, 2022-இல் நீதிமன்றம் புதிய முறைக்கு ஒப்புதல் கொடுத்தது.

இதில் உங்களுக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சோதனைகளை நடத்திய நிபுணர்கள் சிலர், இந்தக் கணக்கு கறுப்பின வீரர்களுக்குப் பாதகம் என்று தங்களுக்குள் மின்னஞ்சலில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது பின்னால் செய்தியாக வெளிவந்தது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கு வந்த அதே உறுத்தல்தான் அவர்களுக்கும் வந்திருக்கிறது. அந்த மின்னஞ்சல்களை நினைத்துத்தான் கடைசியில் உங்களுக்கு ஒரு யோசனை சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால், "இது அறிவியல்" என்ற பதில் நம் துறையில் எத்தனை தடவை சொல்லப்பட்டிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உங்கள் பாடத்திட்டத்தில் இது ஒரு வாரத்துக்குமேல் வந்திருக்காது.

1840-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதல்முறையாக மனநோயாளிகளையும் எண்ணினார்கள். வடக்கே சுதந்திரமாக வாழும் கறுப்பினத்தவரிடையே பைத்தியம் அதிகம், தெற்கே அடிமைகளிடையே மிகக் குறைவு என்று முடிவு வந்தது. அடிமை முறை அவர்களுக்கு நல்லது என்று இதை வைத்தே ஜான் கால்ஹூன் வெளியுறவுச் செயலராக இருந்துகொண்டு வாதாடினார். எட்வர்ட் ஜார்விஸ் என்ற மருத்துவர் கணக்கை உட்கார்ந்து சரிபார்த்தார். சில ஊர்களில் மொத்தக் கறுப்பின மக்களைவிடக் கறுப்பின மனநோயாளிகள் அதிகமாக இருந்தார்கள்! மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரத்தில் 133 கறுப்பின மனநோயாளிகள் என்று எழுதியிருந்தார்கள், அவர்கள் அங்கிருந்த அரசு மனநல மருத்துவமனையின் வெள்ளை நோயாளிகள். ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித் என்ற கறுப்பின மருத்துவரும் இதை எதிர்த்து எழுதினார். கணக்கைத் திருத்தவே இல்லை. 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற லூசியானா மருத்துவர், எஜமானை விட்டு ஓடிப்போகிற அடிமைக்கு ஒரு மனநோய் என்று சொல்லி, அதற்கு டிராபெட்டோமேனியா என்று கிரேக்கத்தில் பெயரும் வைத்தார். சவுக்கடி அதற்குச் சிகிச்சை. விடுதலை வேண்டும் என்ற ஆசைக்கு நோய்ப்பெயர் வைத்து அதை மருத்துவ இதழில் அச்சிட்டார்கள், தங்கச்சி. ஒவ்வொரு முறை ஒரு நோயறிதலில் கையெழுத்துப் போடும்போதும் எனக்கு இது நினைவுக்கு வருகிறது, வரவேண்டும் என்றுதான் வைத்திருக்கிறேன்.

அப்புறம் அறிவுத்திறன் சோதனைகள். பாரிஸில் ஆல்ஃபிரெட் பினே என்ற உளவியலாளர் 1905-இல் சைமன் என்ற மருத்துவரோடு சேர்ந்து அதை உருவாக்கியது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு யாருக்கு உதவி தேவை என்று கண்டுபிடிக்க. அமெரிக்காவுக்குக் கப்பலேறியதும் அது பிறவித் தகுதியை அளக்கும் கோலாகிவிட்டது. ஹென்றி காடர்ட் என்ற உளவியலாளர் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய யூத, இத்தாலிய, ரஷ்ய ஏழைகளைச் சோதித்து, சோதித்தவர்களில் 80 சதவீத அளவுக்குப் புத்தி மந்தமானவர்கள் என்றார். லூயிஸ் டெர்மன் 1916-இல் அதை ஸ்டான்ஃபோர்டில் திருத்தி வெளியிட்டபோது, மெக்ஸிக, செவ்விந்திய, கறுப்பினப் பிள்ளைகளின் மந்தம் இனத்திலேயே இருப்பதாகத் தோன்றுகிறது என்று எழுதினார். முதல் உலகப் போரில் சுமார் 17 லட்சம் ராணுவ வீரர்களைச் சோதித்தார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கான படச் சோதனையில் நெட் இல்லாத டென்னிஸ் மைதானத்தைக் காட்டி என்ன குறைகிறது என்று கேட்டார்கள். டென்னிஸைக் கண்ணால் பார்க்காத விவசாயக் கூலி என்ன சொல்லுவான்? அந்த எண்களை வைத்து, குடியேறிகளில் சில இனத்தார் புத்தியில் தாழ்ந்தவர்கள் என்று கார்ல் பிரிகம் என்ற உளவியலாளர் 1923-இல் புத்தகம் போட்டார், அடுத்த வருடமே குடியேற்றத்தை இறுக்கிய சட்டம் வந்தது. சட்டத்துக்குக் காரணம் அவர் புத்தகம் மட்டும் இல்லை, ஆனால் அந்தக் காற்றில் அதுவும் இருந்தது.

அப்போதே எதிர்த்தவர்களும் இருந்தார்கள், அதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ளவேண்டும். ஹொரேஸ் மேன் பாண்ட் என்ற இளம் கறுப்பின ஆய்வாளர் 1924-இல் அதே ராணுவ எண்களை எடுத்து, வடக்கு மாநிலங்களின் கறுப்பினத்தவர் தெற்கு மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளையரைவிட அதிக மதிப்பெண் வாங்கியிருப்பதைக் காட்டினார். பள்ளிக்கூடம் நன்றாக இருந்த இடத்தில் மதிப்பெண்ணும் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். மேன்லி 2002-இல் சொன்னதன் விதை அது. பிரிகமே 1930-இல் தன் புத்தகத்துக்கு அடித்தளமே இல்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார், அந்த நேர்மைக்கு அவரை மதிக்கிறேன். ஆனால் சட்டம் தன் பாட்டுக்கு இருந்தது. தப்பான எண் ஒன்றைத் திரும்பப் பெறுவது சுலபம், அது மூடிய கதவைத் திறப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் செய்த பாவம், நமக்குச் சம்பந்தமில்லை என்று நான் எழுதினால் நீங்கள் என்னை நம்பவேண்டாம். எனக்கு ஒரு பையன் ஞாபகம் இருக்கிறான்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். செங்கல் சூளையில் வேலை செய்த ஓர் இருளர் குடும்பத்துப் பையனை, ஒன்பது வயது இருக்கும், பள்ளியிலிருந்து அனுப்பிவைத்தார்கள், "ஒன்றும் ஏறவில்லை" என்று. நான் பயன்படுத்தியது பினே-காமத். டெர்மன் 1916-இல் வெளியிட்ட சோதனையின் வழியில் 1930-களில் தார்வாடில் காமத் கன்னடத்துக்கும் மராத்திக்கும் பொருத்திய சோதனை, அதன் தமிழ் வடிவம். நம் ஊரில் எத்தனையோ பிள்ளைகளின் சான்றிதழ் அதன்மேல்தான் நிற்கிறது. நான் கேட்ட பல சொற்கள் அவன் வீட்டில் புழங்காதவை. அவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான், நான் அதைப் "பதிலில்லை" என்று குறித்தேன். மிதமான அறிவுத்திறன் குறைபாடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பள்ளி அந்தக் காகிதத்தை வைத்து அவனை வெளியே அனுப்பியது. சில மாதம் கழித்து வேறு வேலையாக அந்தச் சூளைப் பக்கம் போனபோது, அறுத்த கல்லுக்குக் கூலி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி சொன்ன எண்ணிக்கையைத் தப்பு என்று சொல்லி, அந்த வாரம் நாள்வாரியாக எத்தனை கல் என்று வாயாலேயே கூட்டிக் காட்டினான் அந்தப் பையன். முன்பணத்தில் கழித்தது போக மீதி எவ்வளவு என்பதுவரை. அவன் அம்மா அவனைத்தான் கணக்குக்கு நம்பியிருந்தாள்.

என் மனதில் அவன்மேல் வெறுப்பு இல்லை. கையேட்டில் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். யாரும் என்னைச் சாதிவெறி பிடித்தவர் என்று சொல்லவில்லை, நானும் என்னை அப்படி நினைத்ததில்லை. மறுசோதனை செய்து அறிக்கையைத் திருத்தினேன், பள்ளிக்கு நேரில் போய்ப் பேசினேன். அவனோ அதற்குள் பள்ளியை வேண்டாம் என்று விட்டுவிட்டான். உங்கள் மேற்பார்வையாளரைப் பற்றி நான் கடுமையாக எழுதாததற்குக் காரணம் இதுதான், அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவரைக் கேள்வி கேட்காமல் விடுங்கள் என்று நான் சொல்லாததற்கும் இதுதான் காரணம். அன்று என் பக்கத்தில் ஒரு பயிற்சி மாணவி இருந்து "இந்தச் சொல் இவனுக்குத் தெரிந்திருக்குமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்!

அப்பா சொல்வதற்கு வருகிறேன். அவர் பயத்தில் சொல்கிறார், மகள் அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கும்போது எந்த அப்பாவும் அதைத்தான் சொல்வார். அவரோடு சண்டை போடாதீர்கள். ஆனால் "அவங்க ஊர்ச் சண்டை" என்பது மட்டும் சரியில்லை என்று பக்குவமாகச் சொல்லுங்கள். பிரிகம் புத்தகம் வந்த அதே 1923-இல்தான் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபி, அமெரிக்க ராணுவத்தில் வேலை செய்தவர், வெள்ளையர் இல்லை என்பதால் குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மவர்களுக்கு அந்த நாட்டுக் கதவு உண்மையில் திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தில். அந்தச் சட்டம் கறுப்பின மக்கள் தெருவில் அடிவாங்கி நடத்திய உரிமைப் போராட்டத்தின் சூட்டில் வந்தது. அப்பா பெருமையோடு உங்களை வழியனுப்பிவைத்த அந்த விமானத்துக்குப் பாதை போட்டவர்களில் அந்த பஸ் ஓட்டுநரின் அப்பா அம்மா தலைமுறையும் உண்டு.

இனி, செய்யவேண்டியது.

மேற்பார்வையாளரிடம் "நிறவெறி" என்ற சொல்லோடு போகாதீர்கள். பயந்துகொண்டு சொல்லவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் பேச்சு முழுக்க அவர் நல்லவரா கெட்டவரா என்று திரும்பிவிடும், பஸ் ஓட்டுநர் மறந்துபோவார். தனியாக நேரம் கேட்டு, இரண்டு விதத்திலும் கணக்கிட்ட மதிப்பெண்களை ஒரே தாளில் எடுத்துக்கொண்டு போங்கள். "இந்த மூன்று சோதனையில் எந்தப் பத்தி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. அறிக்கையில் இதைச் சொல்லாமல் விடலாமா?" என்று கேளுங்கள். இதற்கு "ஆம், விடலாம்" என்று பதில் சொல்வது ஒரு நல்ல நிபுணருக்கு மிகக் கஷ்டம். மேன்லியின் ஆய்வைக் கையில் வைத்திருங்கள். அமெரிக்க மருத்துவ நரம்பு உளவியல் அகாடமியே 2021-இல் இனத்தை இப்படி ஒப்பீட்டு அளவாகப் பயன்படுத்துவதிலிருந்து துறை வெளியே வரவேண்டும் என்று நிலைப்பாடு எடுத்திருக்கிறது, அதையும் அச்செடுத்து வையுங்கள். அப்போது பேசுவது ஊருக்குப் புதிதாக வந்த மாணவி இல்லை, அவருடைய துறையே பேசுகிறது. "உணர்ச்சிவசப்படாதே" என்று மறுபடி சொன்னால், "சரி, எண்ணையே பார்ப்போம்" என்று தாளை நகர்த்துங்கள்.

வாசிப்புத் திறன் சோதனை ஒன்றை பஸ் ஓட்டுநருக்குக் கொடுத்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. கொடுக்கவில்லை என்றால் இன்னொரு அமர்வுக்கு அழையுங்கள், அரைமணி நேரம்கூட ஆகாது. அவர் எந்தத் தரத்திலிருந்து தொடங்கினார் என்று சொல்ல அது இனத்தைவிட எவ்வளவோ நல்ல சாட்சி. இன்னொன்று, வெள்ளையர் பத்தியைப் போடுவதும் தீர்வு இல்லை, அதைத் தெளிவாக நினைவில் வையுங்கள். இல்லாத நோயை எழுதினால் அவர் ஓட்டுநர் வேலை போகும், முப்பது வருட வேலை. இருக்கிற நோயை எழுதாமல் விட்டால் நாளைக் காலை பஸ் நிறைய ஆட்களோடு அவர் ஸ்டியரிங்கில் உட்காருவார். இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கும்போது ஒரே அட்டவணையை நம்புவது வேலைக்காகாது. அவர் வாழ்க்கையைக் கேட்டு எழுதவேண்டும், எந்தப் பள்ளி, வருடத்தில் எத்தனை மாதம் பள்ளி நடந்தது, வேலையில் சேரும்போது எழுதிய தேர்வு, ஓட்டுநர் பதிவுகள், வீட்டுக் கணக்கு யார் பார்த்தார், இப்போது யார் பார்க்கிறார். மனைவி சொல்வது இங்கே மிகப்பெரிய சான்று. தன் பழைய நிலையிலிருந்து அவர் இறங்கியிருக்கிறாரா என்பதுதானே கேள்வி, ஊர்ச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார் என்பது இல்லையே.

அப்புறம் அந்த மின்னஞ்சல் விஷயம். உங்கள் உறுத்தலைத் தோழிகளோடு வாட்ஸ்அப்பில் பேசிவிட்டு ஆறிப்போகாதீர்கள். அறிக்கையில் ஒரு வரி இருக்கட்டும்: எந்த அட்டவணை, எந்தப் பத்தி, வேறு பத்தியில் முடிவு எப்படி மாறும். பத்து வருடம் கழித்து யாராவது அந்தக் கோப்பைத் திறந்தால் அந்த வரி ஓட்டுநருக்காகப் பேசும். மேற்பார்வையாளர் அந்த வரியை அடித்துவிட்டால், உரையாடலைத் தேதியோடு உங்கள் பயிற்சிக் குறிப்பில், நோயாளி பெயர் இல்லாமல், எழுதி வைத்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் உங்கள் பயிற்சிக்குப் பொறுப்பானவரிடம் ஆலோசனை கேளுங்கள். புகாராக வேண்டாம், ஆலோசனையாக. அதற்குமேல் தனியாக எதையும் தூக்கிச் சுமக்காதீர்கள். பரிந்துரைக் கடிதம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, அதைக் கோழைத்தனம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். உங்கள் துறையில் கறுப்பின மூத்தவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய உளவியலாளர் சங்கம் 1968-இலிருந்து இயங்குகிறது, அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாட்டிலேயே பொறுமை இழந்து எழுந்து தொடங்கியது. அந்தப் பெரிய சங்கம் நிறவெறிக்குத் துணைபோனதற்கு மன்னிப்புக் கேட்க 2021 அக்டோபர் ஆனது. நீங்கள் இப்போது கேட்கும் கேள்வியை அரை நூற்றாண்டுக்குமேலாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள், போய்ப் பேசுங்கள், நீங்கள் கண்டுபிடித்ததாக இல்லாமல் கற்றுக்கொள்ளப் போகிறவராக.

உங்கள் ஆய்வுத் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்றால் ஒன்று சொல்கிறேன், இது யோசனைதான். முன்னணி இதழ்களில் வந்த உளவியல் ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் 96 சதவீதம் பேர் உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2010-இல் ஜோசஃப் ஹென்ரிக் குழு எழுதியது பெரிய விவாதமானது. மீதிப் பேரைச் சேர்த்தால் என்ன தெரியவரும் என்பதற்கு நம் சென்னையே சாட்சி. டான்யா லுர்மன் என்ற மானுடவியலாளர், சென்னை மனநல மருத்துவர் பத்மாவதி உட்பட ஒரு குழுவோடு, காதில் குரல் கேட்கும் மனச்சிதைவு நோயாளிகளிடம் மூன்று ஊர்களில் பேசினார், கலிஃபோர்னியாவில் 20 பேர், கானாவின் அக்ராவில் 20 பேர், சென்னையில் 20 பேர். கலிஃபோர்னியாக்காரர்களுக்குக் குரல்கள் பெரும்பாலும் வன்முறையாக, அந்நியமாக இருந்தன. சென்னையில் பாதிப் பேருக்குமேல் கேட்டது உறவுக்காரர்களின் குரல், குளி, சாப்பிடு, வீட்டு வேலையைப் பார் என்று அதட்டும் குரல். கலிஃபோர்னியாவில் மட்டும் ஆய்வு நடந்திருந்தால் "குரல் கேட்பது என்றால் இப்படித்தான்" என்று உலகத்துக்கே பாடம் எழுதியிருப்பார்கள். உங்களுக்கு இரண்டு ஊரும் தெரியும், அதைக் குறையாக உங்கள் மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார், "நீ புதுசு" என்று. ஊரில் பிறந்தவர் கண்ணுக்கு அந்தப் பத்தி பழகிவிட்டது, உங்கள் கண்ணுக்குப் பழகவில்லை. அதனால்தான் தெரிந்தது.

இரண்டு வாரம்தான் இருக்கிறது, அதனால் இன்றே ஓட்டுநரின் மனைவிக்கு ஃபோன் செய்யச் சொல்லி உங்கள் பிரிவில் கேளுங்கள். கணவர் வழி தவறிய நாள்களைத் தேதி, நேரம், எந்த நிறுத்தம், அப்புறம் எப்படித் திரும்பி வந்தார் என்று நினைவிருக்கிறவரை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அறிக்கையில் ஒன்பது மாதம், இல்லை ஒரு வருடத்தில் மறுசோதனை என்று திட்டமாகத் தேதி போடுங்கள், "தேவைப்பட்டால்" என்று எழுதாதீர்கள். அதுவரை அவர் பஸ் ஓட்டலாமா என்பதற்குச் சாலையில் ஓட்டவைத்துப் பார்க்கும் தனிச் சோதனை கேளுங்கள். அறிக்கை போனதும் எனக்கு எழுதுங்கள், அந்த வரி அதில் இருந்ததா என்று.